சென்னைத் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வரும் நண்பர்களும், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் தெருவை நிமிர்ந்து பார்க்காதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கோயில் கோபுரம், மியூசியம், கலைக்கூடம் எதுவும் இதில் வராது. டிக்கெட் வாங்காமல் ரோட்டில் கண்ணில் படுவதும் காதில் விழுவதும் மட்டும்தான்.

தெருக்கலை என்றால் சுவரோவியம்தானே?

அதுவும் ஒன்று. ஆனால் சென்னையில் அது நேற்று வந்த பிள்ளை. அதற்கு முன்பே போஸ்டர் இருந்தது, கட்-அவுட் இருந்தது, வாசல் கோலம் இருந்தது, ஆட்டோ முதுகில் வசனம் இருந்தது, சாவு வீட்டில் விடிய விடியக் கானா இருந்தது. இவற்றைச் செய்தவர்கள் யாரும் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ‘பெயிண்டர்’, ‘போஸ்டர் ஒட்டுற பையன்’, ‘மேளம் அடிக்கிறவரு’ என்றுதான் பெயர்.

என் கணக்கு எளிது. தன் வேலையாகப் போய்க்கொண்டிருப்பவரை ஒரு நொடி நிற்க வைத்துவிட்டால் அது சேர்த்தி. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சென்னைத் தெருவில் சும்மா அழகுக்காகச் செய்தது குறைவு. பெரும்பாலானவை இடம் பிடிக்கும் வேலை. நெருக்கியடிக்கும் ஊரில் ‘நானும் இங்கேதான் இருக்கேன், என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்’ என்று சொல்வதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

சுவரோவியம் பார்க்க எங்கே போகலாம்?

கண்ணகி நகர். ஓ.எம்.ஆர். சாலையில் துரைப்பாக்கத்தில் இறங்கி உள்ளே திரும்பினால் வந்துவிடும். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை, மாநகராட்சியின் ஒத்துழைப்போடு, இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களை வெளிநாட்டு, உள்நாட்டு ஓவியர்களிடம் கொடுத்தது. முகங்கள், வண்ணக் கட்டங்கள், செடிகொடிகள் என்று மாடி மாடியாக ஏறி நிற்கும் ஓவியங்கள். சென்னைக்காரரான ஏ-கில் வரைந்த குழந்தை முகங்கள் முன்னால் எல்லாரும் நின்று படம் எடுப்பார்கள்.

ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. கூவம் கரையிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் நகரின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்தும் 2000-க்குப் பிறகு அள்ளிக்கொண்டு வந்து இறக்கப்பட்ட குடும்பங்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய பேட்டையில், வீடு மட்டும் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. முகவரியில் ‘கண்ணகி நகர்’ என்று இருந்தாலே வேலை கிடைப்பது கஷ்டம் என்பது அங்கே எந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தாலும் வரும் பேச்சு. ஓவியம் வந்ததால் வெளியாட்கள் கேமராவோடு வந்தார்கள், பேப்பரில் நல்ல செய்தியாக ஊர்ப் பெயர் வந்தது. அது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பஸ்ஸும் பெயிண்டால் சரியாகாது என்பதும் அங்கிருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஊர்ப் பெயரைத் தூக்கி நிறுத்தியது யார் என்று இப்போது கேட்டால் சுவரைக் காட்ட மாட்டார்கள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா எங்க ஊர்ப் பொண்ணு என்பார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பறக்கும் ரயிலில் இந்திரா நகர் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். 2021-இல் ஏ-கில்லும் இன்னொரு ஓவியரான கத்ராவும் ஸ்டேஷனின் வெளிச்சுவர் முழுக்க முகங்களாக வரைந்தார்கள். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களை ஒதுக்கி வைக்காதீர்கள் என்பதற்காகச் செய்தது. சிக்னலில் நிற்கும் நேரத்தில் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

சுவரில் கட்சிப் பெயரும் வருஷமும் போட்டு ‘ரிசர்வ்டு’ என்று எழுதியிருக்கிறதே, அது செல்லுமா?

சட்டப்படி செல்லாது. நடைமுறையில் செல்லும்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான் இது. தேர்தலுக்கு வெகு நாள் முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரை எழுதி, எத்தனை வருஷம் வரைக்கும் என்பதையும் போட்டு விடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர் அதன்மேல் எழுத மாட்டார், எழுதினால் தகராறு. வீட்டு உரிமையாளரைக் கேட்டார்களா என்றால், பல நேரம் அவர் காலையில் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் தேர்தல் ஆணையம் இதைக் கையில் எடுக்கும். ஒரே வாரத்தில் ஊர்ச் சுவரெல்லாம் வெள்ளையாகிவிடும். எழுதுகிறவர்களின் கையெழுத்துக்காகவே நான் அந்த வெள்ளையடிப்பை வெறுக்கிறேன். சுண்ணாம்புச் சுவரில், ஸ்கேல் வைக்காமல், ஏணி மேல் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கு ‘வாக்களிப்பீர்’ என்று ஒரே சீராக எழுதுகிற கை எந்தக் கம்ப்யூட்டர் எழுத்துருவிலும் இல்லை.

மாடு போஸ்டர் தின்பது உண்மையா?

உண்மை. போஸ்டர் ஒட்டுவது மைதா பசையில். மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, வாளியில் ஊற்றிக்கொண்டு, ராத்திரி ஊர் அடங்கிய பிறகு கிளம்புவார்கள். ஒருவர் பசை தடவ, ஒருவர் ஒட்ட, வண்டியை அணைக்காமல் ஒருவர் வைத்திருப்பார். விடிகிற நேரத்தில் மாடு வரும். பசையின் ருசிக்கு ஓரத்தைக் கடித்து இழுத்தால் தலைவரின் பாதி முகம் வாய்க்குள் போய்விடும். எந்தக் கட்சி என்று பார்க்காது. அதனாலேயே விவரமானவர்கள் மாட்டு வாய்க்கு எட்டாத உயரத்தில் ஒட்டுவார்கள். நகரத்து மாடு வைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. மையும் தாளும் வயிற்றுக்குள் போகிறது.

போஸ்டர் வாசகங்களை யார் எழுதுகிறார்கள்?

டி.டி.பி. கடையில் உட்கார்ந்திருக்கும் டிசைனர் பாதி, பிறந்த நாள் கொண்டாடுகிறவரின் கூட்டாளிகள் பாதி. மூன்று வகை உண்டு. ஒன்று, பட்டம் சூட்டுவது. வட்டச் செயலாளருக்குக்கூட ‘சரித்திரமே’ என்றுதான் விளிப்பு. இரண்டு, குத்திக்காட்டுவது. கட்சிக்குள் ஒருவருக்குப் பதவி போனால் அடுத்த நாள் காலையில் சுவரில் தெரிந்துவிடும். பெயர் மட்டும் இருக்காது. மூன்று, கண்ணீர் அஞ்சலி. என்னைக் கேட்டால் கண்ணீர் அஞ்சலிதான் ஊரின் உண்மையான நாளிதழ். யார் போனார், எந்தத் தெரு, என்ன தொழில், எத்தனை பேரப்பிள்ளைகள், எந்தக் கேரம் கிளப்பில் இருந்தார் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். கீழே வரிசையாக நண்பர்களின் தலைகள். இறந்தவரின் படத்தைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் நண்பரையும் பார்க்கலாம்.

போஸ்டர் துணிச்சலில் மதுரையைச் சென்னை விஞ்ச முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கையால் வரைந்த சினிமா கட்-அவுட்டுகள் எங்கே போயின?

அண்ணா சாலையின் அடையாளமே ஒரு காலத்தில் அவைதான். ஒட்டுப் பலகையை அறுத்து, கட்டம் போட்டு, சின்னப் புகைப்படத்தைப் பார்த்து அதைப் பல ஆள் உயரத்துக்குப் பெரிதாக்குவார்கள். 1957-இல் வெளியான ‘வணங்காமுடி’க்காக மோகன் ஆர்ட்ஸ் 80 அடி உயரத்தில் சிவாஜியை நிறுத்தியதைச் சினிமாப் பழசு பேசுகிறவர்கள் இன்னமும் சொல்வார்கள். அப்புறம் அரசியல் தலைவர்களுக்கும் அதே மரியாதை வந்தது. யாருடைய ஆள் உயரம் என்பது யாருடைய கெத்து என்பதாயிற்று. படம் ஓடினால் கட்-அவுட்டுக்கு மாலை, பாலாபிஷேகம். படுத்துவிட்டால் அதே பலகையைத் திருப்பி அடுத்த படத்துக்கு வரைவார்கள்.

அந்த வரைவுக்கு ஒரு தனி நிறம் உண்டு. முகத்தில் ஊதாவும் பச்சையும் ரோஸும் அடிப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அசிங்கமாக இருக்கும். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் ரத்தமும் சதையுமாக உயிரோடு நிற்பார் ஹீரோ. வெயிலுக்கும் தூரத்துக்கும் கணக்குப் போட்டு வரைந்த முகம் அது. எந்தப் பள்ளியிலும் படிக்காமல், பெரிய பெயிண்டரிடம் பிரஷ் கழுவிக் கழுவிக் கற்றுக்கொண்டது.

2000-களின் தொடக்கத்தில் டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தது. நாள் கணக்கில் வரைய வேண்டியதைச் சில மணி நேரத்தில் அச்சடித்துத் தருகிறான், விலையும் சல்லிசு. சில வருஷங்களில் கையால் வரைகிற தொழில் படுத்துவிட்டது. பெயிண்டர்களில் சிலர் கட்சிச் சுவருக்குப் போனார்கள், சிலர் கடை ஷட்டருக்கு, சிலர் வீட்டுக்கு வெள்ளையடிக்க. பிளெக்ஸ் வந்த பிறகு ஒன்று மட்டும் பரவலாயிற்று: காசு கொஞ்சம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் பேனரில் ஏறலாம். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணும், முதல் பிறந்த நாள் குழந்தையும், அவர்களுக்கு இரண்டு பக்கமும் சிங்கமும் ஹெலிகாப்டரும். முன்பு ஹீரோவுக்கும் தலைவருக்கும் மட்டும் கிடைத்த ஆகாயத்தைத் தெருவில் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கலை போனதில் எனக்கு வருத்தம்தான். இந்தப் பங்கு பிரிப்பில் வருத்தம் இல்லை.

அப்படியானால் பேனர் கலாசாரத்தை ஆதரிக்கிறீர்களா?

ரோட்டின் நடுவில் வைப்பதை இல்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், அரசியல்வாதி வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலையின் நடுத் தடுப்பில் கட்டிய பேனர் ஸ்கூட்டரில் போன இளம் பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறியவர் மேல் பின்னால் வந்த தண்ணி லாரி ஏறிவிட்டது. 23 வயது. அதற்கு முன்பே நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. 2017 அக்டோபரில் உயிரோடு இருப்பவர்களின் படம் போட்ட பேனரே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி உத்தரவிட்டார். பேனர் வருவது நிற்கவில்லை. 2018 டிசம்பரில் தடை வந்தது; அப்போதும் நிற்கவில்லை. அந்தப் பெண் இறந்த பிறகுதான் கட்சித் தலைவர்களும் நடிகர்களும் ‘எனக்குப் பேனர் வைக்காதீர்கள்’ என்று அறிக்கை விட்டார்கள். கொஞ்ச நாள் ஊர் காலியாக இருந்தது. இப்போது கல்யாண மண்டபத்து வாசலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வாசலில், யார் தலையிலும் விழாமல், எவ்வளவு சிங்கம் வேண்டுமானாலும் போடட்டும்.

‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று ஆட்டோவில் எழுதியிருப்பது நிஜமா?

எழுதியவரைப் பொறுத்தது. ராத்திரி நேரத்தில் வலியெடுத்த பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போன அண்ணன்கள் பேட்டைக்குப் பேட்டை உண்டு. வெறும் பழக்கத்துக்கு எழுதி வைத்தவர்களும் உண்டு. சென்னை ஆட்டோக்காரர் மேல் ஊருக்குள்ள கோபம் எல்லாருக்கும் தெரியும்: ‘மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்’. 2013 ஆகஸ்டில் அரசு கட்டணத்தைத் திருத்தி, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வைத்தது. மீட்டர் பல நாள் ஓடவில்லை, செல்போன் ஆப்தான் வந்து பேரத்தைக் குறைத்தது. இவ்வளவு வசவுக்கு நடுவிலும் அந்த ஒரு வரியைத் தன் வண்டி முதுகில் சுமப்பது ஒருவகையில் பதில் சொல்வதுதான்.

மற்ற வசனங்களைத் தனியாகத் தொகுக்கலாம். அம்மாவைக் கடவுளாக்குவது, கடன்காரனைத் திட்டுவது, மூன்று மதச் சின்னத்தையும் ஒரே ஸ்டிக்கரில் ஒட்டுவது. பெண்களை நம்பாதே என்று எழுதித் திரிகிற வண்டிகளும் உண்டு. பிரசவத்துக்கு இலவசம் என்று கண்ணாடிக்கு மேலேயும் பெண்ணை நம்பாதே என்று கீழேயும் ஒரே ஆட்டோவில் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கோலம் வீட்டு விஷயம். அதைத் தெருக் கலாசாரத்தில் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

வீட்டுக்குள் போடுவதில்லையே! வாசலைத் தாண்டி, பெருக்கித் தண்ணி தெளித்து, தெருவில்தான் போடுகிறார்கள். கார்ப்பரேஷன் ரோடு அந்த நேரத்துக்கு அந்த அம்மாவுடையது. மார்கழியில் இது முற்றிவிடும். எதிர்வீட்டில் பதினைந்து புள்ளி என்றால் இங்கே இருபத்தொன்று. சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ, காவி பார்டர், அப்புறம் நட்டநடுவில் கலர்ப் பொடியில் டோரா புஜ்ஜி. ஆறு மணிக்கு மேல் முதல் பால் வண்டி அதன்மேல் ஏறிப் போகும், யாரும் அழ மாட்டார்கள். மறுநாள் வேறு.

இதை மொத்தமாகப் பார்க்க ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா நேரத்தில் வடக்கு மாட வீதிக்குப் போங்கள். வண்டிகளை நிறுத்திவிட்டு ரோட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு கட்டம். எண்பதைத் தொட்ட பாட்டியும் பக்கத்தில் காலேஜ் பையனும் குனிந்திருப்பார்கள். பாட்டி பொடியை விரலிடுக்கில் விடுகிற வேகத்தைக் கவனியுங்கள். சிக்குக் கோலத்தில் கோடு எங்கே தொடங்கியது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே வந்து முட்டிவிடும்.

கோலம் போட்டதற்காகப் போலீஸ் பிடித்ததா?

பிடித்தது. 2019 டிசம்பர் 29, பெசன்ட் நகர். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று வாசகத்தோடு சில இளம் பெண்களும் நண்பர்களும் தெருவில் கோலம் போட்டார்கள். அனுமதி இல்லை என்று கூட்டிப்போய், பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அது பற்றிக்கொண்டது. கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலில், ஸ்டாலின் வீட்டு வாசலில், பேர் தெரியாத ஆயிரம் வீட்டு வாசல்களில் அதே வாசகம். மார்கழி மாதத்தில் கோலம் போடுவதை எந்தச் சட்டத்தில் தடுப்பது? மைக் கட்டி மேடை போட்டிருந்தால் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

கானா கேட்கணும். எங்கே டிக்கெட்?

டிக்கெட் இல்லாத இடத்தில்தான் அது பிறந்தது. துறைமுகம், மில், மீன் மார்க்கெட், குப்பைக் கிடங்கு என்று உடம்பு தேய உழைக்கிற வடசென்னையில் சாவு விழுந்தால் பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும். பாடுகிறவர் வந்து உட்காருவார். டோலக்கு, சட்டி, கிடைக்காவிட்டால் பாத்திரம், தகரம். செத்தவர் யார், என்ன வேலை பார்த்தார், யாரைக் கட்டினார், எதற்குக் கோபப்படுவார் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அதையே மெட்டில் போட்டுப் பாடுவார். அழுதுகொண்டிருந்த சித்தி நடுவில் சிரித்துவிடுவாள். கூலிக்காரருக்குச் சரித்திரம் எழுத யாரும் வரப்போவதில்லை, அதனால் அந்த ஒரு ராத்திரியில் பாடி முடித்துவிடுகிறார்கள். சினிமா இதை எடுத்துக்கொண்டது பிற்பாடு, அதிலும் சாவைக் கழற்றிவிட்டுக் குத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

மேடையில் கேட்க வேண்டுமென்றால் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைத் தேடுங்கள். சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கானாப் பாடகர்கள், ராப், ராக் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மார்கழி மாதம் மயிலாப்பூரில் சபாக்கள் நிரம்பி வழிகிற அதே பருவத்தில், ஊரின் இன்னொரு பக்கத்துப் பாட்டு ஒரு மைதானத்தை நிரப்பியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் அங்கிருந்து வந்த இசைவாணியைப் பி.பி.சி. 2020-இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

யூடியூபில் கானா என்று தட்டினால் வருவதில் பாதி, பெண்களை மிரட்டுகிற பாட்டு. அதைக் கேட்டுவிட்டு ‘கானான்னாலே இப்படித்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள். அதைக் கானா இல்லை என்றும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சந்துச் சுவர்களில் வரிசையாகச் சாமிப் படம் டைல்ஸ் பதித்திருக்கிறார்களே, பக்தியா?

மூத்திரம் போகாமலிருக்க. பிள்ளையார், இயேசு, மெக்கா மசூதி மூவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மத நல்லிணக்கம் என்று மெச்சிக்கொள்ளலாம். சுவருக்குச் சொந்தக்காரர் எந்த மதத்துக்காரரும் ஒதுங்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். கட்டணமில்லாக் கழிப்பறை போதுமான அளவு கட்டினால் சாமிகளுக்கு இந்த வேலை மிச்சமாகும்.

கட்டடத்தில் தொங்கும் அந்தப் பயங்கர முகம்?

திருஷ்டிப் பூசணிக்காய், அல்லது திருஷ்டி பொம்மை. முட்டைக் கண், முறுக்கு மீசை, கோரைப்பல், வெளியே தொங்கும் நாக்கு. வெள்ளைப் பூசணியில் முகம் எழுதுகிறவர்கள் சிலர் அதற்கே கூலிங் கிளாஸும் போட்டுவிடுவார்கள். ஆயுத பூஜை அன்று அதே பூசணியைக் குங்குமம் தடவி ரோட்டில் உடைப்பார்கள். அன்றும் மறுநாளும் டூவீலரில் போகிறவர்கள் மெதுவாகப் போங்கள். ஊர்க் கண்ணெல்லாம் கழிந்து உங்கள் டயருக்கடியில் கிடக்கும்.

கொரோனா ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர் சென்னைதானே?

ஆமாம், வில்லிவாக்கம் பக்கம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கை மீறி வந்தவர்களை நிறுத்தி, செந்நிற முட்கள் துருத்திக்கொண்டு நிற்கிற ஹெல்மெட்டோடு இன்ஸ்பெக்டர் ஒருவர் கைகூப்பினார். உடைந்த ஹெல்மெட்டையும் பேப்பரையும் வைத்து உள்ளூர் ஓவியர் ஒருவர் செய்து கொடுத்தது. சில நாட்களில் உலகம் முழுக்க அந்தப் படம் போய்விட்டது. அப்புறம் ஒரு ஆட்டோவையே வைரஸ் வடிவத்துக்கு மாற்றி ஓட்டினார்கள். குழந்தைகள் பயந்ததாகத் தெரியவில்லை.

கேரம் போர்டு எல்லாம் இதில் சேருமா?

வடசென்னைக்காரரிடம் இப்படிக் கேட்காதீர்கள்! ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் சாயந்திரம் போனால் குறைந்த வெளிச்சத்தில் ஒரு பல்பு மட்டும் தாழத் தொங்கும், கீழே போர்டு. போரிக் பவுடர் தூவி, விரலைச் சொடுக்கினால் ‘டொக்’. சுற்றி நிற்கிறவர்கள் மூச்சு விட மாட்டார்கள். ரெட்டு (சிவப்புக் காய்) விழுந்து, அதை உறுதிசெய்யும் அடுத்த காயான ஃபாலோ விழாவிட்டால் மட்டும் மொத்தத் தெருவும் ‘ச்ச’ என்னும். கிளப் சுவரில் அம்பேத்கர் படம், பக்கத்தில் கோப்பைகள். 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஏசி ஹாலிலிருந்து வந்தவர்கள் இல்லை.

அரசே சுவரில் ஓவியம் வரைகிறது. நல்லதுதானே?

போஸ்டர் ஒட்டவிடாமல் செய்வதற்குத்தான் அது தொடங்கியது. 2009 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோயில், ஜல்லிக்கட்டு, பரதநாட்டியம் என்று வரைய வைத்தது. பிளெக்ஸால் வேலை இழந்த சினிமா பேனர் பெயிண்டர்களில் சிலருக்கு அதில் கூலி கிடைத்தது, அந்த வகையில் நல்லது. ஆனால் அந்தச் சுவர்களைப் பார்த்தால் தமிழர்கள் எல்லாரும் எப்போதும் பொங்கல் பானை முன்னால் நிற்பதாகத் தோன்றும். ஷேர் ஆட்டோவில் தொங்குகிற தமிழர், கார்ப்பரேஷன் குழாயில் குடம் வைத்துச் சண்டை போடுகிற தமிழர் அதில் வரமாட்டார். அனுமதி வாங்கி வரைந்த சுவரில் யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. அதனால்தான் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றுவதில்லை.

நானும் ஒரு சுவரில் வரையலாமா?

சொந்தச் சுவர், நண்பரின் சுவர் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு வரையுங்கள். மேம்பாலத் தூண், பள்ளிச் சுவர், ஸ்டேஷன் என்றால் அந்தந்தத் துறையின் அனுமதி வேண்டும். மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம். அதைவிட முக்கியம், அந்தத் தெருவில் கடை போட்டிருக்கும் அண்ணனிடமும் எதிர்வீட்டு அம்மாவிடமும் முதலில் பேசுங்கள். தினமும் அதைப் பார்க்கப்போவது அவர்கள்தான். தேர்தலுக்காகப் பிடித்து வைத்த சுவரை மட்டும் தொடாதீர்கள்.

படம் எடுத்தால் திட்டுவார்களா?

மெரினாவில் திட்ட மாட்டார்கள். அங்கே நடிகர்களின் கட்-அவுட்டை வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு நில்லுங்கள் என்று கூப்பிட்டு எடுப்பதே தொழில். கோலம் போடும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் ‘இருங்க, இன்னும் பார்டர் போடல’ என்பார். கண்ணகி நகரில் சுவரை எடுக்கலாம், ஆனால் பால்கனியில் துணி காயப்போடுகிறவரையும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். சாவு ஊர்வலத்தில் பறையும் ஆட்டமும் பூவும் அமர்க்களமாக இருக்கும். போனைப் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

எப்போது கிளம்புவது?

கோலத்துக்கு மார்கழியில் காலை ஐந்தரை. போஸ்டருக்கும் காலைதான், மாடு முந்திக்கொள்வதற்குள். கண்ணகி நகருக்கு மாலை நாலு மணிக்குமேல் போனால் வெயில் சாய்ந்து சுவர்கள் நன்றாகத் தெரியும், பிள்ளைகளும் பள்ளி முடிந்து வந்திருப்பார்கள். கேரமுக்கு விளக்கு போட்ட பிறகு. மயிலாப்பூரையும் இந்திரா நகரையும் பறக்கும் ரயிலிலேயே முடித்துக்கொள்ளலாம். வடசென்னைக்கு மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நடு மத்தியானம் வெளியே கிளம்ப வேண்டாம். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பாட்டியைத் தவிர அந்நேரம் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள்.